கவிழ்ந்த கயாக், கரையில் எடுத்த முடிவு

1932 ஆகஸ்ட் 20 அன்று கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு குடாவில் சீல் வேட்டைக்காகத் தனியாகத் துடுப்புப் போட்டுக் கிளம்பினார் ஜினோ வாட்கின்ஸ். வயது 25. அன்றைய பிரிட்டனின் ஆர்க்டிக் பயணிகளில் முன்வரிசையில் இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்தபோதே உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் கயாக் செலுத்தக் கற்றிருந்தார். கவிழ்ந்தாலும் படகைவிட்டு இறங்காமல், தண்ணீருக்குள்ளிருந்தே உருண்டு மேலே வரும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. தோழர்கள் தேடிப்போனபோது கயாக் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. பனிப்பாளம் ஒன்றின் மேல் அவருடைய கால்சட்டை கிடந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

முக்கால் நூற்றாண்டு கழித்து, 2007 பிப்ரவரியில், ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ மெக்காலே டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்கு டாஸ்மன் கடலைத் தனியாகக் கயாக்கில் கடந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே கழித்துவிட்டு, கரையேற ஓரிரு நாளே மிச்சமிருந்த நேரத்தில், உதவி கேட்கும் அவருடைய குரல் வானொலியில் அரைகுறையாகக் கேட்டது. மறுநாள் தேடியவர்களுக்குக் கயாக் கிடைத்தது. பெரிய சேதமில்லாமல் மிதந்துகொண்டிருந்த அந்தப் படகில் அவர் இல்லை.

இந்த இருவருடைய கடைசி நிமிடங்களும் ஊகத்துக்குரியவையே. ஆனாலும் இரண்டு சம்பவங்களிலும் பொதுவான ஒன்று உண்டு, கயாக் விபத்துகளின் வரலாறு முழுக்க அது திரும்பத் திரும்ப வருகிறது: படகு மிதந்தது, ஆள் மிதக்கவில்லை. கயாக் என்பது காற்று அடைபட்ட கூடு. தலைகீழானாலும் அது மிதக்கும். கவிழ்ந்த நொடியில் யாரும் சாவதில்லை. அந்த நொடிக்கும் சாவுக்கும் நடுவே பெரும்பாலும் சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நிமிடங்களில் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பது, அவர் கரையில் என்ன உடுத்தினார், யாரோடு கிளம்பினார், எந்தக் காற்றைப் பார்த்து இறங்கினார், எதை முன்னமே பழகியிருந்தார் என்பவற்றைப் பொறுத்தது. கயாக் பாதுகாப்பைப் பற்றி இதுவரை சேர்ந்திருக்கும் அறிவை எந்தப் பக்கம் புரட்டினாலும் இந்த இடத்துக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

முதலில் கயாக் ஏன் கவிழ்கிறது என்று பார்ப்போம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. கயாக்கில் கதை தலைகீழ். படகின் எடை 20, 25 கிலோதான். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் 70 கிலோ மனிதரின் நெஞ்சும் தலையும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கின்றன. படகு ஒருபக்கம் சாயும்போது அதன் அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்ந்து மேல்நோக்கித் தாங்குகிறது. ஏறியவரின் எடை அந்தத் தாங்கலுக்கு உட்புறமாக விழும்வரை படகு நிமிரும். எடை அதைத் தாண்டி வெளியே போன கணத்தில் கவிழும். இந்த எல்லையைப் பெரும்பாலும் தாண்டவைப்பது தலைதான். ஐந்து கிலோ எடையுள்ள தலையை யாரும் ஓர் எடையாக நினைப்பதில்லை. படகு ஆடியதும் தலையை எதிர்ப்பக்கம் வெட்டி இழுப்பவர் மிக எளிதில் தண்ணீருக்குள் போய்விடுகிறார்.

அகலமான படகு கவிழாது என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. அமைதியான ஏரியில் 75 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான அடிப்பாகம் அசையாமல் நிற்கும். அதே படகு பக்கவாட்டில் அலை வரும்போது அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு தானும் சரியும். 55 சென்டிமீட்டர் அகலமே கொண்ட கடல் கயாக் முதல் நாளில் நடுங்கவைக்கும். ஆனால் அதன் வளைந்த அடிப்பாகம் அலையைத் தன் கீழே வழுக்கிப் போகவிடுகிறது. இடுப்புக்குக் கீழே படகு ஆட, இடுப்புக்கு மேலே உடல் நேராக நிற்கப் பழகியவருக்கு அந்த ஒடுங்கிய படகே பாதுகாப்பானது. பழகாதவருக்கு அகலமான படகு நல்லது, அலையில்லாத இடத்தில் மட்டும்.

பழகாதவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று கவனித்தால் ஒரு வேடிக்கையான உண்மை தெரியும். நடுக்கடலில் விழுபவர்களைவிடக் கரையோரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுபவர்கள் அதிகம். ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கும் நேரத்தில் படகு நழுவுகிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் படகின் குறுக்காக நின்று, முதலில் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தால் இந்த விழுகை இல்லை. அடுத்தது, இருவர் செல்லும் கயாக்கில் பறவையையோ மீனையோ பார்க்க இருவரும் ஒரே பக்கம் சாய்வது. மூன்றாவது, மோட்டார் படகு கடந்துபோன அலை. அது பக்கவாட்டில் வரும்போது பயந்துபோனவரின் கைகள் துடுப்பை விட்டுவிட்டுப் படகின் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடிக்கின்றன. அப்படிப் பிடித்ததும் உடலும் படகும் ஒரே கட்டையாகிவிடுகின்றன. படகு சாய்ந்தால் ஆளும் சாய்கிறார்.

துடுப்பு நீரில் இருக்கும்வரை அது ஒரு கைப்பிடி. பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் அறிவுரை, பயம் வந்தால் இன்னும் துடுப்புப் போடு என்பதுதான். அலை வரும் திசைக்குப் படகின் முன்முனையைத் திருப்புவது முதல் வழி. திருப்ப நேரமில்லை என்றால், அலை வரும் பக்கமாக இடுப்பைச் சாய்த்து, துடுப்பின் முதுகுப்புறத்தை அந்தப் பக்கத்து நீரின் மேல் தட்டையாக அழுத்த வேண்டும். முழங்கைகள் துடுப்பின் தண்டுக்கு மேலே இருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையைத் தடுக்கப் போனால் தோள்பட்டை மூட்டு விலகும் வாய்ப்பு உண்டு. ஆற்றில் நிலைமை வேறு. அங்கே நீர் ஓடிவரும் திசையைப் பார்த்துச் சாய்ந்தால், ஓட்டம் படகின் மேற்பரப்பில் ஏறி அழுத்திக் கவிழ்த்துவிடும். பாறையில் மோதும் தருணத்தில் பாறையைவிட்டு விலகத்தான் மனசு துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு பாறையை அணைப்பதுபோல் சாய்பவர் தப்புகிறார்.

இவ்வளவும் செய்தாலும் கயாக் ஒருநாள் கவிழும். இதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நன்றாக அறிந்தவர்கள் ஆர்க்டிக் மக்கள். கடலில் மிதந்து ஒதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்த வேட்டைப் படகு அவர்களுடையது. நீந்தித் தப்பிக்கும் வெப்பமுள்ள கடல் அவர்களுக்கு இல்லை. ஆகவே படகைவிட்டு வெளியே வருவதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. 'துய்லிக்' எனப்படும் தோலங்கியை முகத்தையும் மணிக்கட்டையும் சுற்றி இறுக்கி, அதன் அடி ஓரத்தைப் படகின் வாய்ப்பகுதியைச் சுற்றிக் கட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே புகாது. கவிழ்ந்தால் துடுப்பால், துடுப்பு தவறிப்போனால் வேட்டையெறி கருவியால், அதுவும் இல்லையென்றால் வெறும் கையால் உருண்டு எழுந்தார்கள். எறியீட்டியின் கயிறு உடலைச் சுற்றிக்கொண்டால் எப்படி எழுவது, ஒரு கை முடங்கினால் எப்படி எழுவது என்று தனித்தனியாகப் பயிற்சி இருந்தது. கிரீன்லாந்தில் இன்றும் நடக்கும் தேசிய கயாக் போட்டியில் இந்த உருளல் வகைகள் ஒவ்வொன்றும் தனி உருப்படியாக மதிப்பிடப்படுகின்றன.

ஐரோப்பாவுக்கு இந்த வித்தை 1927இல் வந்தது. ஆஸ்திரியரான ஹான்ஸ் பாவ்லாட்டா, துருவப் பயணிகள் எழுதிய குறிப்புகளை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல் ஓர் ஏரியில் உருண்டு எழுந்தார். அவர் பெயரிலேயே ஓர் உருளல் முறை இன்றும் கற்றுத்தரப்படுகிறது. முறைகள் எத்தனை இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். துடுப்பை நீரின் மேற்பரப்பில் பரப்பி ஒரு தாங்கலை உண்டாக்கி, இடுப்பை வெட்டிப் படகை முதலில் நிமிர்த்த வேண்டும். உடல் அதைத் தொடர்ந்து வரும். தலை கடைசியாக வர வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் மனிதர் முதலில் தூக்குவதோ தலையைத்தான். ஐந்து கிலோ மேலே வந்தால் அந்த எடை படகைத் திரும்பக் கீழே தள்ளுகிறது. உருளல் தோற்கும் பத்துத் தடவையில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான்.

அப்படியானால் எல்லோரும் உருளக் கற்க வேண்டுமா? கயாக் உலகில் நெடுங்காலமாக நடக்கும் வாதம் இது. உருண்டு எழுபவர் தண்ணீரில் இருப்பது சில நொடிகள். அதைவிடச் சிறந்த மீட்பு வேறில்லை, கொந்தளிக்கும் ஆற்றிலும் கடலின் உடையலையிலும் அதற்கு மாற்றும் இல்லை. ஆனால் நீச்சல்குளத்தில் பத்துக்குப் பத்து வெற்றிபெறும் உருளல், கவிழ்த்த அலையின் நடுவில், மூச்சு முட்டிய நிலையில் கைகொடுக்காமல் போவது சகஜம். வாட்கின்ஸுக்கு உருளத் தெரியும். அந்தத் திறமையை மட்டும் நம்பி ஒருவர் தனியாகப் போகலாம் என்று வாதிட அவருடைய முடிவுக்குப் பின் யாருக்கும் இடமில்லை. உருளல் ஓர் அருமையான கலை. விடுமுறையில் ஒரு மணி நேரம் படகெடுப்பவருக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது மூன்று: படகிலிருந்து அமைதியாக வெளியேறுவது, படகை விடாமல் பிடித்திருப்பது, திரும்ப ஏறுவது.

வெளியேறுவதை எடுத்துக்கொள்வோம். இடுப்பைச் சுற்றி ரப்பர் மறைப்பு மாட்டிய மூடிய கயாக்கில் கவிழ்ந்தவர் தலைகீழாகத் தொங்குகிறார். மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, திசை தெரியவில்லை. இங்கே செய்ய வேண்டியது முன்பக்கம் குனிவது. நெற்றி படகின் மேற்பரப்பைத் தொடும் அளவுக்குக் குனிந்தால் முகம் பாறையிலிருந்து தப்பும், கையும் தானாகச் சரியான இடத்துக்குப் போகும். மறைப்பின் முன்விளிம்பில் ஒரு நாடா வளையம் இருக்கும். அதை முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு மேலே இழுத்தால் ரப்பர் பிரியும். கைகளைப் படகின் வாய்விளிம்பில் ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுவதுபோல் படகை இடுப்பிலிருந்து கழற்ற வேண்டும். நிதானமாகச் செய்தாலும் ஐந்து, ஆறு நொடி. அந்த நாடா வளையம் மறைப்பின் உள்ளே மடங்கிப் போயிருந்தால் அந்த நொடிகள் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. கரையில் கிளம்புமுன் ஒவ்வொருவருடைய வளையமும் வெளியே தொங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கும் வழக்கம் அதனால்தான் வந்தது. மேலே உட்கார்ந்து செல்லும் திறந்த கயாக்கில் இந்தச் சிக்கலே இல்லை, கவிழ்ந்தால் ஆள் தானாகக் கழன்று விழுவார். ஆனால் அவரைவிட்டுப் படகு விலகிப்போவதும் அதே அளவுக்கு எளிது.

வெளியே வந்தவர் பற்ற வேண்டியது படகை. இதற்கு ஹான்னஸ் லிண்டேமனைவிட வலுவான சாட்சி இல்லை. ஜெர்மன் மருத்துவரான அவர் 1956இல் மடக்குக் கயாக் ஒன்றில் கேனரித் தீவுகளிலிருந்து கிளம்பி, 72 நாளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். பயணத்தின் பிற்பகுதியில் புயலில் படகு இரவில் கவிழ்ந்தது. அலையில் அதை நிமிர்த்த முடியவில்லை. விடியும்வரை கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தின் மேலேயே கிடந்து, வெளிச்சம் வந்தபின் நிமிர்த்தி ஏறினார். அவர் படகைவிட்டு நீந்தியிருந்தால் சேர்வதற்குக் கரை என்று ஒன்று அங்கே இல்லை. கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சபலம் இன்னும் பெரியது. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தூரம் குறைவாகத் தோன்றும், நீந்தத் தொடங்கிய பிறகுதான் நிஜ தூரம் தெரியும். தேடி வருபவர்களுக்கு ஒரு தலையைவிட நாலு மீட்டர் நீள வண்ணப் படகு எளிதில் தென்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

படகை விடாமல் பிடி என்ற இந்த விதிக்கும் நிபந்தனைகள் உண்டு. கரையில் அலை உடையும் இடத்திலும் ஓடும் ஆற்றிலும் தண்ணீர் நிரம்பிய கயாக் பல நூறு கிலோ எடையோடு நகரும் பொருள். அதற்கும் கரைக்கும் நடுவே, அதற்கும் பாறைக்கும் நடுவே ஆள் இருந்தால் எலும்பு நொறுங்கும். நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும். கடலில் என்றால் படகுக்குக் கடற்புறம், ஆற்றில் என்றால் மேல்புறம். ஆற்றில் அருவியோ, நீரில் சாய்ந்த மரக்கிளைகளோ எதிரே வந்தால் படகை உதறிவிட்டு ஓரத்துக்கு நீந்துவதே சரி. முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னே மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்கள் ஓட்டம் போகும் திசையில் மேலே தெரிய மிதப்பதுதான் தற்காப்பு.

தடுப்பணைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் உயரம்தானே என்று பார்வைக்குச் சாதுவாக இருக்கும். வழிந்து விழும் நீர் அடியில் போய்ச் சுருண்டு மேற்பரப்பில் அணையை நோக்கித் திரும்பி வருகிறது. மாட்டிய ஆளையும் படகையும் அது மறுபடி மறுபடி அணையடிக்கே இழுக்கும். உயிர்காப்பு அங்கி இருந்தும் மீளாதவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மழைக்காலம்தோறும் தடுப்பணைகளில் குளிக்கப் போனவர்கள் பலியாகும் செய்தி வருவதற்கும் இதே சுழற்சி ஒரு முக்கியக் காரணம். இந்த ஒன்றை எதிர்கொள்ள எந்த உத்தியும் நம்பத்தக்கதல்ல. முன்கூட்டியே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி.

இனி, திரும்ப ஏறுவது. இரண்டாவது படகு ஒன்று பக்கத்தில் இருந்தால் இது மூன்று நிமிட வேலை. உதவ வருபவர் கவிழ்ந்த படகின் முன்முனையைத் தன் மடிக்கு முன்னால் குறுக்காக இழுத்துப் போடுகிறார். விழுந்தவர் பின்முனையை அழுத்திக்கொடுக்க, முன்முனை உயர்ந்து உள்ளிருக்கும் நீர் கொட்டிவிடுகிறது. படகை நிமிர்த்தித் தன் படகோடு இணையாக, தலைமாற்றி ஒட்டவைத்து, வாய்விளிம்பின் மேல் முழு உடலையும் சாய்த்து இறுகப் பிடித்துக்கொள்கிறார். விழுந்தவர் கைகளை ஊன்றித் தொங்கப் பார்த்தால் கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். முதலில் கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வயிறு படும்படி பின்மேற்பரப்பில் பாய்ந்து, குப்புறக் கிடந்தபடியே கால்களை உள்ளே நுழைத்து, உதவுபவர் பக்கமாகத் திரும்பி உட்கார வேண்டும். திறந்த கயாக்கில் இன்னும் எளிது: படகின் குறுக்கே எட்டி மறுபக்கத்தைப் பிடித்துப் புரட்டி, கால் உதைத்து, வயிறு, பிட்டம், கால் என்ற வரிசையில் ஏறிவிடலாம்.

துணையில்லாதவருக்குத் துடுப்பின் ஓர் அலகில் மாட்டும் காற்றுப்பை இருக்கிறது. அதை மாட்டித் துடுப்பைப் பக்கவாட்டில் நீட்டினால் அது தாங்குகட்டையாகிவிடும். அமைதியான நீரில் நன்றாக வேலை செய்யும். கவிழ்த்தது கொந்தளிப்பு என்றால், அதே கொந்தளிப்பில் ஏறியவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். இங்கே படகின் அமைப்பு உயிரைத் தீர்மானிக்கிறது. முன்னும் பின்னும் நீர்புகாத தடுப்பறைகள் உள்ள கயாக்கில் உட்காரும் இடம் மட்டுமே நிரம்பும். தடுப்பறையோ காற்றுப்பையோ இல்லாத மலிவுப் படகில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ந்து, நூறு கிலோவுக்கு மேல் கூடி, ஏறியவரோடு அமிழும். கையால் இயக்கும் நீரேற்றி இல்லாமல் அதை வெளியேற்ற வழியில்லை.

குளிர்நீர் இந்தக் கணக்கை எல்லாம் மாற்றிவிடும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சுகிறது. ஆனால் உடல் விறைத்துச் சாவதற்கு வெகு முன்பே இரண்டு அபாயங்கள் வருகின்றன. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் அதை 1-10-1 என்று நினைவில் நிற்கும்படி சொன்னார். பனிக்குளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைவிரல்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம்தான், நினைவு தப்புமுன் ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தின் திணறலில், தலை நீருக்குள் இருக்கும்போது வரும் ஒரே ஒரு விம்மல் மூச்சு போதும் மூழ்கடிக்க. பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் நடத்திய ஆய்வுகள் இந்தக் குளிரதிர்ச்சியின் பங்கை வெளிக்கொண்டுவந்தன. விழுந்ததும் நீந்தாதே, மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை பொறு என்று அந்நாட்டு உயிர்காப்புப் படகு நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவருவதற்கு அடிப்படை இந்த அறிவுதான்.

2015 டிசம்பர் 8 அன்று சிலியின் ஜெனரல் கரேரா ஏரியில் நடந்தது இதற்கு வலிமிக்க எடுத்துக்காட்டு. தி நார்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும், பட்டகோனியாவில் பெருங்காடுகளை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தவருமான டக்ளஸ் டாம்ப்கின்ஸ், 72 வயதில், அனுபவம் மிக்க நண்பர்களோடு கயாக் பயணத்தில் இருந்தார். பலத்த காற்றில் அவரும் மலையேற்ற வீரர் ரிக் ரிட்ஜ்வேயும் சென்ற இரட்டைக் கயாக் கவிழ்ந்தது. ஏரிநீர் சுமார் 4 டிகிரி செல்சியஸ். ரிட்ஜ்வே பிழைத்தார். ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்ட டாம்ப்கின்ஸ் மருத்துவமனையில் இறந்தார். வெயில் அடிக்கும் நாளில்கூட நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப உடுத்து என்று குளிர்நாட்டுக் கயாக்கர்கள் வலியுறுத்துவது இதனால்தான். மேலே காற்று 20 டிகிரியாக இருக்கலாம், கவிழ்ந்தவர் வாழப்போவது 4 டிகிரியில். ரிஷிகேஷில் கங்கையிலும் லடாக்கில் சிந்துவிலும் இறங்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அந்த நீர் பனிமலையிலிருந்து நேராக வருவது.

தவறுகள் அத்தனையும் ஒரே நாளில் கூடிவந்தால் என்ன ஆகும் என்பதை 1993 மார்ச் 22 காட்டியது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸிலிருந்து சார்மவுத்துக்கு, கரையோரமாக ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ப்ளைமவுத் நகரப் பள்ளி மாணவர்கள் 8 பேர், ஓர் ஆசிரியர், சாகச மையத்தின் பயிற்றுநர்கள் 2 பேர் கிளம்பினார்கள். சற்றுநேரத்தில் ஆசிரியர் கவிழ்ந்தார். ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றுவிட, மற்றவர் எட்டுப் பிள்ளைகளின் படகுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கூட்டத்தைக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று தள்ளிக்கொண்டே போனது. இடுப்பு மறைப்பு கொடுக்கப்படவில்லை, அலை ஒவ்வொன்றும் படகுகளை நிரப்பியது. தீப்பிழம்புச் சமிக்ஞையும் இல்லை, வானொலியும் இல்லை. ஒவ்வொருவராகத் தண்ணீரில் விழுந்தார்கள். மதியத்துக்குள் சேர வேண்டியவர்கள் வரவில்லை என்ற தகவல் கடலோரக் காவலுக்கு வெகு தாமதமாகப் போனது. மாலையில் ஹெலிகாப்டர்கள் தூக்கியபோது நான்கு பிள்ளைகள் பிழைக்கவில்லை.

பாதுகாப்பு மோசம் என்று அந்த மையத்தை அதற்குச் சில மாதங்கள் முன்பே எச்சரித்து, அங்கிருந்த பயிற்றுநர் எழுத்தில் கொடுத்திருந்தார். 1994இல், மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஒரு நிறுவனமே தண்டிக்கப்பட்டது பிரிட்டனில் அதுவே முதல்முறை. மறு ஆண்டு, சிறுவர்களுக்கான சாகச மையங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. சேர்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த அத்தனையும், மறைப்பு, வானொலி, காற்றைப் பற்றிய அறிவு, காத்திருக்கும் மீட்புப்படகு, கரையில் தவறியவை.

இந்தப் பாடத்தில் நமக்கு நேராகப் பொருந்துவது காற்று. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையையொட்டி அலை அடங்கி, நீர் பழகுபவருக்கு ஏற்றதாகத் தெரியும். நூறு, இருநூறு மீட்டர் போனதும் காற்று முதுகில் தள்ளத் தொடங்கும். திரும்பும்போதுதான் அது தெரியவரும். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்துப் புதியவரால் பெரும்பாலும் முன்னேற முடியாது. பாய்மரக் காலத்து மீனவர்கள் இதே காற்றைக் கணக்கிட்டே வாழ்ந்தார்கள். விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துக் கிளம்பி, பிற்பகல் கடல்காற்றில் கரை திரும்பினார்கள். அவர்களுடைய கட்டுமரத்தில் நீர் தேங்க இடமே இல்லை. அலை மேலேறினால் மரங்களின் இடுக்கில் வழிந்துவிடும், கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்வார்கள். இன்றைய திறந்த கயாக்கின் தத்துவமும் இதுவே. ஒரு கரையில் கயாக் விட விரும்புபவர் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்பதைவிடச் சிறந்த முன்னெச்சரிக்கை இல்லை.

கோவளம், பிச்சாவரம், ராமநாதபுரத்துக் காரங்காடு என்று கயாக் விடும் இடங்கள் நம் கரையில் பெருகிவருகின்றன. கேரளத்தின் கோடஞ்சேரிப் பக்கம் மழைக்கால ஆறுகளில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு உலகின் தேர்ந்த கயாக்கர்கள் வருகிறார்கள். மகிழ்ச்சியான வளர்ச்சி. நம் கடலில் குளிரதிர்ச்சி இல்லை. அதனாலேயே அலட்சியமும் கூடுகிறது. உயிர்காப்பு அங்கி இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு, கொக்கி மாட்டாமல் தொளதொளவென்று. தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறும் அங்கி, தண்ணீரில் ஆளைவிட்டுத் தனியாக மிதக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில், பொழுதுபோக்குப் படகுகளிலிருந்து மூழ்கி இறப்பவர்களில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் அங்கி அணியாதவர்கள் என்பது மாறாமல் வருகிறது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரம் கயாக்கில் நடந்ததல்ல. இருந்தும் அங்கியில்லாமல் தண்ணீரில் இறங்கும் நம் பழக்கத்தின் விலையை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லவில்லை. கயாக்கர்கள் அணிவது பெரும்பாலும் 50 நியூட்டன் மிதப்புள்ள அங்கி. நினைவோடு இருப்பவரை அது தாங்கும். நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பாது, ஆகவே தனியாகப் போகக் கூடாது என்ற விதி அங்கி அணிந்தவருக்கும் உண்டு.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் சாகச சுற்றுலாவுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நெறி வேறு, நடைமுறை வேறு. வாடகைக்கு விடுபவர்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவும் கிடையாது. விருந்தினர்களை ஆழத்துக்கு அனுப்புமுன், இடுப்பளவு நீரில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து, படகைப் பிடித்து, புரட்டி ஏறச் செய்வது. பத்து நிமிடம் ஆகும். ஏற முடியாதவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அவரைத் துணையோடு அனுப்பலாம், அல்லது கரையையொட்டியே சுற்றச் சொல்லலாம். கிளம்புபவர் தன் பங்குக்கு ஊதலை அங்கியில் கட்டிக்கொள்ளலாம். கைபேசியை நீர்புகா உறையிலிட்டுப் படகில் வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளலாம், அதில் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணைப் பதிந்துகொள்ளலாம். எத்தனை மணிக்குள் திரும்பவில்லை என்றால் தேட வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மீட்கப்பட்டவர் தண்ணீர் குடித்திருந்து, இருமல் நிற்காமலோ மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால், நடந்து சிரித்துப் பேசினாலும் அவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். நுரையீரலுக்குள் போன நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.